மனநல ஆலோசனையின் முதல் நாளில் என்ன நடக்கும் என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மன உளைச்சல், தூக்கமின்மை, குடும்பப் பிணக்கு, தேர்வு பயம் என்று எதைப் பற்றித் தங்கள் நாளிதழில் கட்டுரை வந்தாலும், அதன் கடைசிப் பத்தியில் ‘தேவைப்பட்டால் மனநல ஆலோசகரை அணுகவும்’ என்ற வரி தவறாமல் இடம்பெறுகிறது. நல்ல எண்ணத்தில் எழுதப்படும் வரிதான் அது. அதைப் படித்துவிட்டு உண்மையிலேயே எங்களைத் தேடி வருபவர்களும் இருக்கிறார்கள். ஆனால், வந்த பிறகு அந்த அறைக்குள் என்ன நடக்கும், என்னென்ன கேட்பார்கள், எவ்வளவு நேரம் ஆகும், சொன்னதெல்லாம் யார் காதுக்குப் போகும் என்பது பற்றி அதில் ஒரு வார்த்தையும் இருப்பதில்லை. ஆலோசகராகப் பணிபுரிபவள் என்ற முறையில் இந்தக் குறையின் விளைவை அடிக்கடி பார்க்கிறேன். முதல் முறை வந்தவர்களில் கணிசமானோர் மறுமுறை வருவதில்லை. அவர்களுடைய சிக்கல் தீர்ந்துவிட்டிருந்தால் மகிழ்ச்சிதான். பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. அவர்கள் மனத்தில் எண்ணி வந்தது ஒன்று, உள்ளே நடந்தது வேறொன்று என்பதாலேயே ஒதுங்கிவிடுகிறார்கள்.

பாதியில் நின்றுவிடுபவர்களைப் பற்றி உளவியல் ஆய்வாளர்கள் வெகுகாலமாகக் கணக்கெடுத்து வருகிறார்கள். 1993-இல் வியர்ஸ்பிக்கி, பெகாரிக் ஆகிய இருவரும் 125 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உளவியல் சிகிச்சை தொடங்கியவர்களில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் இடையிலேயே விலகியிருந்தனர். 2012-இல் ஸ்விஃப்ட், கிரீன்பெர்க் ஆகியோர் 669 ஆய்வுகளைத் தொகுத்தபோது அந்த அளவு 20 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. விலகல் என்று எதைச் சொல்வது என்பதை ஒவ்வோர் ஆய்வும் ஒவ்வொரு விதமாக வகுத்துக்கொள்வதால் இவ்விரு எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது சரியாகாது. என்றாலும், குறைவான கணக்கை எடுத்துக்கொண்டாலுமே ஐந்தில் ஒருவர் நடுவழியில் இறங்கிவிடுகிறார்.

இதைக் குறைக்க வழி உண்டு என்பதும் புதிய செய்தி அன்று. 1964-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் ஃபிராங்க் உள்ளிட்ட குழுவினர் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். சிகிச்சை தொடங்கும் முன்பே, சிகிச்சையாளர் எப்படி நடந்துகொள்வார், வருபவரின் பங்கு என்ன, முன்னேற்றம் எப்படி ஏற்ற இறக்கத்தோடு வரும் என்பவற்றை ஒரு தரப்பினருக்கு மட்டும் விளக்கிச் சொன்னார்கள். மற்றத் தரப்பினருக்குச் சொல்லவில்லை. விளக்கம் கேட்டுவிட்டு வந்தவர்கள் அமர்வுகளுக்கு ஒழுங்காக வந்தார்கள், பலனும் கூடுதலாகப் பெற்றார்கள். அப்படியொரு விளக்கத்தை ஒரே காலையில் பல்லாயிரம் பேருக்குக் கொண்டுசேர்க்க நாளிதழால் முடியும். எனவே ‘ஆலோசகரை அணுகவும்’ என்ற வரியோடு, அணுகினால் என்ன நடக்கும் என்பதையும் நான்கைந்து வரிகளில் சேர்த்து வெளியிடுமாறு வேண்டுகிறேன். எதைச் சேர்க்கலாம் என்பதற்காகவே இக்கடிதம் சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள்க.

முதலில், யாரிடம் போவது என்ற குழப்பம். மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர்; நோயைக் கண்டறிந்து மாத்திரை எழுதித் தருபவர். உளவியலாளர் உளவியலில் உயர்கல்வியும் பயிற்சியும் பெற்று, சோதனைகளும் சிகிச்சையும் செய்பவர். ஆலோசகர் பேச்சின் வழியே உதவுபவர். மருந்து எழுத அவருக்கு உரிமை இல்லை. ஆலோசகர் என்று பெயர்ப்பலகை வைத்துக்கொண்டு ஒருவர் மாத்திரை கொடுத்தால், அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம். என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி பெற்றீர்கள், என்னுடையதைப் போன்ற சிக்கலோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறீர்களா என்று முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பவரைத் தவிர்த்துவிடுவது நல்லது.

அமர்வுக்கு முன் நிரப்பச் சொல்லித் தரும் படிவங்களைப் பார்த்தே சிலர் மிரண்டுவிடுகிறார்கள். பெயர், வயது, அவசரத்துக்கு யாரை அழைப்பது, இப்போது சாப்பிடும் மாத்திரைகள், முன்பு எடுத்த சிகிச்சை என்று சில விவரங்கள் கேட்பார்கள். பல இடங்களில் பி.எச்.க்யூ-9 என்ற வினாத்தாளும் இருக்கும். 2001-இல் வெளியான இந்த வினாத்தாளில், கடந்த 2 வாரங்களில் மனச்சோர்வின் அறிகுறிகள் எவ்வளவு அடிக்கடி தொந்தரவு செய்தன என்பதைப் பற்றி 9 கேள்விகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. தேர்வுத் தாளைப் போல இதில் நல்ல மதிப்பெண் எடுக்கவேண்டிய அவசியம் இல்லை; இந்த எண்ணை மட்டும் வைத்து யாரும் நோய்க்குப் பெயர் சூட்டுவதும் இல்லை. சில வாரங்கள் கழித்து அதே தாளை மீண்டும் நிரப்பும்போது எண் இறங்கியிருக்கிறதா, ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதில்தான் எங்களுக்கு அதன் பெரும்பயன்.

அந்தத் தாளின் 9-ஆவது கேள்வியில் பேனா தயங்கி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். செத்துவிட்டால் நல்லது என்ற எண்ணமோ, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்பது அந்தக் கேள்வி. உண்மையைக் குறித்தால் உடனே மருத்துவமனையில் சேர்த்துவிடுவார்கள், வீட்டுக்குச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்து, ‘இல்லை’ என்று குறித்துவிட்டு உள்ளே வருபவர்கள் பலர். நடப்பது அதுவன்று. அப்படி ஓர் எண்ணம் வந்துபோவதற்கும், எப்படிச் சாவது என்று திட்டமிட்டு அதற்கான பொருளைக் கையில் வைத்திருப்பதற்கும் நடுவே பெருந்தொலைவு இருக்கிறது என்பது ஆலோசகருக்குத் தெரியும். எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதை அறியத்தான் நேராகக் கேட்பார். எண்ணம் மட்டுமே என்றால், அது மிகும் நேரத்தில் என்ன செய்யலாம், யாரை அழைக்கலாம் என்று உங்களோடு சேர்ந்து ஒரு தாளில் எழுதிவைப்பார். தற்கொலையைப் பற்றிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியானது. ஆகவே அவர் கேட்பதைக் கேட்டு வீட்டாரும் அதிர்ந்துபோக வேண்டியதில்லை. உயிருக்கு ஆபத்து என்ற நிலை இப்போதே இருக்குமானால், அடுத்த வாரம் குறித்திருக்கும் அமர்வுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லவேண்டும், அல்லது தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழைக்கவேண்டும்.

இனி அறைக்குள். திரைப்படங்களில் வரும் நீண்ட சாய்விருக்கை பெரும்பாலான அறைகளில் கிடையாது. அது உளப்பகுப்பாய்வு என்ற சிகிச்சை முறையைத் தொடங்கிய ஃபிராய்டின் காலத்து வழக்கம், அம்முறையைக் கையாளும் சிலர் இன்றும் அதைப் பின்பற்றுகிறார்கள். மற்றபடி, சாதாரண நாற்காலிகள் இரண்டு, நேருக்கு நேராக இல்லாமல் சற்றே கோணலாகப் போடப்பட்டிருக்கும். வேண்டுமென்றே அப்படிப் போடுகிறோம். எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க முடியாத நேரத்தில் சுவரையோ ஜன்னலையோ பார்த்துக்கொண்டு பேச அது வசதி. கைக்கெட்டும் தூரத்தில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒன்று இருக்கும். கைக்கடிகாரத்தைப் பார்த்தால் வந்தவருக்குத் தான் அலுப்பூட்டுகிறோமோ என்று தோன்றும் என்பதால், அவருடைய தலைக்குப் பின்னால் தெரியும்படி சுவர்க் கடிகாரத்தை மாட்டியிருப்போம். வந்தவர்கள் பெரும்பாலும் நாற்காலியின் நுனியில், பையை மடியில் வைத்து இரு கைகளாலும் பிடித்தபடி உட்காருவார்கள். பை எப்போது தரைக்கு இறங்குகிறது என்பதை நான் கவனிப்பதுண்டு. முதல் அமர்வில் அது இறங்காமலே போனாலும் பாதகமில்லை.

ஓர் அமர்வு வழக்கமாக 45 முதல் 50 நிமிடம் வரை நடக்கும். மணிக்கணக்கில் கொட்டித் தீர்க்கலாம் என்று வருபவர்களுக்கு இது ஏமாற்றம் தரலாம். அடுத்தவர் வருவதற்குள் குறிப்பு எழுதவும், ஆலோசகர் தன்னை நிதானப்படுத்திக்கொள்ளவும் அந்த ஒரு மணி நேரத்தின் மீதி நிமிடங்கள் தேவை. அதோடு, மனத்தைக் கிளறும் பேச்சை ஒரே மூச்சில் அதற்கு மேல் இழுப்பது பேசுபவருக்கும் நல்லதில்லை.

முதல் சில நிமிடங்கள் பேசுபவர் ஆலோசகராகத்தான் இருப்பார், இருக்கவும் வேண்டும். அவர் முதலில் எடுக்கவேண்டியது ரகசியம் பற்றிய பேச்சு. நீங்கள் சொல்வது உங்கள் அனுமதியின்றி வெளியே போகாது: கணவருக்கோ மனைவிக்கோ, பெற்றோருக்கோ, முதலாளிக்கோ, கட்டணத்தைக் கட்டியவருக்கோகூட. ஆனால் இதற்கு எல்லைகள் உண்டு. எல்லையே இல்லை என்று ஓர் ஆலோசகர் வாக்களித்தால் அவர் பொய் சொல்கிறார். உங்கள் உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால், இன்னொருவருக்குக் கடும் தீங்கு நேரும் என்று தெரிந்தால், ஒரு குழந்தை துன்புறுத்தப்படுவது தெரியவந்தால், நீதிமன்றம் கேட்டு உத்தரவிட்டால், அந்த அளவுக்குத் தேவையானதை மட்டும் வெளியே சொல்லவேண்டி வரலாம். விவரங்கள் நாட்டுக்கு நாடு மாறும். பிறருக்கு நேரும் ஆபத்து பற்றிய கருத்துக்கு வழிகோலியது, 1976-இல் கலிஃபோர்னியா மாநில உச்ச நீதிமன்றம் டாராசாஃப் வழக்கில் அளித்த தீர்ப்பு. தன்னிடம் வருபவரால் குறிப்பிட்ட ஒருவருக்குக் கடும் தீங்கு நேரக்கூடும் என்று அறியும் சிகிச்சையாளருக்கு, அந்த மனிதரைக் காக்க நியாயமான முயற்சி எடுக்கும் கடமை உண்டு என்று அத்தீர்ப்பு சொன்னது. இன்னொரு விவரமும் உண்டு. நாங்களும் எங்களைவிட அனுபவம் மிக்க ஒருவரிடம் எங்கள் பணியைப் பற்றி ஆலோசிப்போம். பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டே பேசுவோம். இவையெல்லாம் ஒப்புதல் படிவத்தில் இருக்கும். படிக்காமல் கையெழுத்திடாதீர்கள், புரியாததைக் கேளுங்கள், குறிப்புகளை எங்கே, எத்தனை ஆண்டுகள் வைத்திருப்பீர்கள் என்றும் கேளுங்கள்.

அதன் பிறகு, ‘இப்போது வரவேண்டும் என்று ஏன் தோன்றியது?’ என்பது போன்ற ஒரு கேள்வி வரும். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் திணறுவது எல்லோருக்கும் நேர்வது. பிறப்பிலிருந்து வரிசையாகச் சொல்லவேண்டியதில்லை. நேற்று நடந்த ஒரு சண்டையிலிருந்து தொடங்கலாம். ‘எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை’ என்பதிலிருந்தும் தொடங்கலாம். ஒரு தாளில் நான்கு வரி எழுதிக்கொண்டு வந்து அதைப் பார்த்துப் படித்தாலும் சரிதான். அந்தத் தாளை அப்படியே ஆலோசகரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாலும் சரிதான். அழுகை வந்தால் அழலாம். வராவிட்டால், வரவில்லையே என்று கவலைப்படவும் வேண்டாம். இடையில் மௌனம் விழும். அந்த மௌனத்தை ஆலோசகர் அவசரமாக நிரப்பமாட்டார், அதில் சிலருக்குச் சங்கடம் தோன்றும். அடுத்து என்ன சொல்லவேண்டும் என்று அவர் காத்திருக்கிறாரே என நினைக்காமல், நீங்கள் யோசிக்க இடம் விடுகிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லிவிடவேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. குறிப்பாக, பாலியல் வன்முறை, விபத்து, கொடிய மரணம் போன்றவற்றைக் கண்டவர்கள் அவற்றை முதல் அமர்விலேயே விவரிக்கத் தொடங்கினால், அனுபவமுள்ள ஆலோசகர் மெதுவாக நிறுத்தச் சொல்வார். கேட்க விருப்பமில்லாமல் தடுக்கிறார் என்று பலர் தவறாக நினைத்துவிடுகிறார்கள். கொந்தளிப்பை அடக்கும் வழிகள் கைவசம் வருவதற்கு முன் அந்த நினைவுகளைத் திறந்தால், அன்றிரவு தனியாக அவற்றோடு இருக்கவேண்டியவர் நீங்கள், அதனால்தான் தடுக்கிறார். ‘அதைப் பற்றி இன்று பேச விருப்பமில்லை’ என்று நீங்களும் எந்தக் கேள்விக்கும் சொல்லலாம். பதில் சொல்லாததற்காக யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

இதற்கு நேர்மாறாக வேறொன்றும் நடக்கும். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் பழக்கமானது அது. வந்தவர் 40 நிமிடம் அலுவலக வேலைப்பளுவைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார். நேரம் முடியப்போகிறது என்று சொன்னதும் எழுந்து, பையைத் தோளில் மாட்டி, கதவின் கைப்பிடியில் கை வைத்த பிறகு, ‘இதைச் சொல்லலாமா தெரியவில்லை, போன வருடம் என் தம்பி தற்கொலை செய்துகொண்டான்’ என்பார். வந்த காரணமே அதுவாக இருக்கும். திரும்ப உட்காரவைத்து விசாரிக்க எங்களுக்கும் ஆசைதான். ஆனால் ஆபத்து எதுவும் இல்லை என்பதை மட்டும் உறுதிசெய்துகொண்டு, அடுத்த முறை அதிலிருந்தே தொடங்கலாம் என்று சொல்லி அனுப்புவோம். அப்படி அனுப்பப்பட்டவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, உங்களைப் புறக்கணித்துவிட்டதாக எண்ணாதீர்கள் என்பதே. கதவருகே நின்று சொல்வது உங்களுக்கு அன்று எளிதாக இருந்திருக்கிறது. அடுத்த வாரம் உட்கார்ந்தே சொல்ல முடியும்.

சம்பந்தமில்லாத கேள்விகள் கேட்கிறார்களே என்பது அடிக்கடி கேட்கும் குறை. மனைவியோடு தகராறு என்று வந்தவரிடம் எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், பசி எப்படி, மது அருந்துவீர்களா, தைராய்டு பரிசோதனை செய்ததுண்டா என்று கேட்டால் அவருக்கு எரிச்சல் வருவது இயல்புதான். தைராய்டு சுரப்புக் குறைவு, இரத்தசோகை, வைட்டமின் பி12 பற்றாக்குறை போன்றவை சோர்வாகவும் எரிச்சலாகவும் வெளிப்படக்கூடும் என்பதால், தேவையென்று பட்டால் முதலில் பொது மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்வதுண்டு. குடும்பத்தைப் பற்றிக் கேட்கும்போது சிலர் ஒரு வரைபடம் வரைவார்கள்: ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம், இறந்தவர்களுக்கு உள்ளே ஒரு பெருக்கல் குறி, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லையோ அங்கே வெட்டுப்பட்ட கோடு. நான்கு தலைமுறையை ஒரே தாளில் வரைந்து முடித்ததும், வந்தவரே அதைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, தாத்தாவும் அப்பாவும் தானும் மூத்த மகனோடு பேசுவதை ஏறக்குறைய ஒரே வயதில் நிறுத்தியிருப்பதை விரலால் தொட்டுக் காட்டுவதும் உண்டு. நான் அதைச் சொல்லியிருந்தால் மறுத்திருப்பார்.

மிகப் பெரிய ஏமாற்றம் இதில்தான்: ஆலோசனை என்று வந்தால் ஓர் ஆலோசனையும் சொல்லவில்லையே என்பது. விவாகரத்து செய்யலாமா வேண்டாமா, வேலையை விடலாமா கூடாதா என்று கேட்டு, ஒரு தீர்ப்பை வாங்கிப்போக வருகிறார்கள். புத்திமதி சொல்ல அவர்களைச் சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் புத்திமதிகளெல்லாம் பலிக்காததால்தான் எங்களிடம் வந்திருக்கிறார்கள் என்பதை நாங்கள் மறப்பதில்லை. உங்கள் வாழ்க்கையின் முடிவை நான் எடுத்துத் தந்தால், அது தவறிப்போனால் அதைச் சுமக்கப்போவது நானில்லை. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் 1957-இல் எழுதிய கட்டுரையில், சிகிச்சையாளர் பாசாங்கின்றி இருத்தல், வருபவரை நிபந்தனையின்றி மதித்தல், அவர் இடத்திலிருந்து அவரைப் புரிந்துகொள்ளுதல் ஆகியவற்றை மாற்றத்துக்கு இன்றியமையாதவையாகக் குறிப்பிட்டார். வழிகாட்டுதல் அந்தப் பட்டியலில் இல்லை. இதற்காக எல்லா ஆலோசகர்களும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பார்கள் என்று பொருளாகாது. 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஏரன் பெக் உருவாக்கிய, எண்ணங்களை ஆராய்ந்து மாற்ற முயலும் அறிவாற்றல் சிகிச்சையின் வழி நடப்பவர்கள் நிறையக் கேள்வி கேட்பார்கள், எண்ணங்களைத் தாளில் எழுதவைப்பார்கள், வீட்டுப்பாடமும் தருவார்கள்: பதற்றம் வந்த நேரம், அப்போது மனத்தில் ஓடியது, அதற்கு ஆதாரம், எதிர் ஆதாரம் என்று கட்டம் போட்ட தாள் ஒன்று. உங்கள் ஆலோசகர் எந்த முறையில் பணிபுரிகிறார் என்று முதல் நாளே கேட்டுவிட்டால் இந்த ஏமாற்றத்தில் பாதி குறையும். மாதக்கணக்கில் ‘ம்’ கொட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்யாத ஆலோசகரை நான் நியாயப்படுத்தவில்லை.

முதல் அமர்வு முடிந்து வெளியே வரும்போது பாரம் இறங்கியதுபோல் இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சிலருக்கு அப்படித்தான் இருக்கிறது. வேறு பலருக்கு உடம்பு அடித்துப்போட்டதுபோல் ஓய்ந்துவிடுகிறது, தலை வலிக்கிறது, அன்றிரவே, முன்பின் தெரியாத ஒருவரிடம் இவ்வளவையும் கொட்டிவிட்டோமே என்ற வெட்கம் வருகிறது, பெற்றவர்களைப் பற்றி வெளியாளிடம் குறை சொன்ன குற்றவுணர்வும் அதோடு சேர்ந்துகொள்கிறது. அடுத்த அமர்வை ரத்துசெய்துவிடலாம் என்ற எண்ணம் பெரும்பாலும் இந்த வேளையில்தான் எழுகிறது. இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் பலர் பாதியில் விலகியிருக்கமாட்டார்கள் என்பது என் உறுதியான நம்பிக்கை. பொதுவாக இந்தக் கலக்கம் ஓரிரு நாளில் தணிந்துவிடும். ஆகவே முதல் அமர்வுக்குப் பின் உடனே முக்கியமான கூட்டமோ, நீண்ட தூரம் வண்டி ஓட்டும் வேலையோ வைத்துக்கொள்ளாமல், ஒரு மணி நேரமாவது சும்மா இருக்க வழிசெய்துகொள்வது நல்லது. கலக்கம் தணியாமல் நாளுக்கு நாள் கூடினாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலோ, அடுத்த தேதிவரை காத்திராமல் ஆலோசகரை அழைக்கவேண்டும்.

கூட்டிவந்த உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் வெளியே காத்திருக்கவேண்டியிருக்கும். கதவு திறந்ததும் ‘என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்னே, என்னைப் பத்தி ஏதாவது சொன்னியா?’ என்று தொடங்காதீர்கள். வீடு சேரும்வரை வேறு எதையாவது பேசுங்கள், அல்லது பேசாமலே இருங்கள். சொல்லத் தோன்றினால் அவரே சொல்வார். சிலர் மறுநாள் ஆலோசகரைத் தனியாக அழைத்து, தங்கள் தரப்பு நியாயத்தை விளக்குவார்கள். நாங்கள் கேட்டுக்கொள்ளலாம், பதிலுக்கு எதையும் சொல்லமாட்டோம், நீங்கள் அழைத்ததை வந்தவரிடம் மறைக்கவும் மாட்டோம். சிறுவர்கள் விஷயத்தில் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்பதால், எது பெற்றோருக்குச் சொல்லப்படும், எது பிள்ளையோடு நிற்கும் என்பதை மூவரும் சேர்ந்து முதலிலேயே பேசி முடிவுசெய்வது வழக்கம்.

காணொளி வழியாகவோ தொலைபேசியிலோ பேசுவதானால் கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய ஓர் இடமும் காதொலிக் கருவியும் வேண்டும். அமர்வின் தொடக்கத்தில் ‘இப்போது எங்கே இருக்கிறீர்கள்?’ என்று முகவரியைக் கேட்பார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே ஆபத்து நேர்ந்தால் உதவி அனுப்புவதற்காக அது.

எத்தனை அமர்வுகள் தேவைப்படும் என்ற கேள்விக்கு நேர்மையான பதில், முதல் நாளில் சொல்ல முடியாது என்பதே. ஆயினும் ஓரளவு கணக்கு உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஹவார்டும் உடன் ஆய்வாளர்களும் 1986-இல் பழைய தரவுகளைத் தொகுத்துப் பார்த்ததில், 8 அமர்வுகளுக்குள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கும், 26 அமர்வுகளுக்குள் முக்கால்வாசிப் பேருக்கும் அளந்து காட்டும்படியான முன்னேற்றம் இருந்தது. பதற்றம், மனச்சோர்வு போன்ற குறிப்பிட்ட சிக்கலுக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பெரும்பாலும் 6 முதல் 20 அமர்வுகளுக்குள் அடங்கும். மூன்றே அமர்வில் முழுக் குணம் என்று உறுதிமொழி தருபவரிடமிருந்து விலகிவிடுங்கள். இன்னும் சில எச்சரிக்கைகள் உண்டு: தன் சொந்தக் கதையையே பேசிக்கொண்டிருப்பவர், இன்னொருவர் சொன்னதை உங்களிடம் சொல்பவர் (உங்களுடையதையும் அவர் வேறெங்கோ சொல்வார்), தன் நம்பிக்கைகளை உங்கள் மேல் திணிப்பவர், கடனோ வியாபாரமோ பேசுபவர். ஆலோசகர் தன்னிடம் வருபவரோடு காதல் உறவோ பாலுறவோ கொள்வது, வந்தவரே விரும்பினாலும், எந்தச் சூழ்நிலையிலும் ஏற்கத்தக்கதன்று. அப்படி நேர்ந்தால் தயங்காமல் புகார் செய்யவேண்டும்.

தெருவில் எதிர்ப்பட்டால் ஆலோசகர் முதலில் வணக்கம் சொல்லமாட்டார். சமூக ஊடகத்தில் நட்பு அழைப்பு அனுப்பினால் ஏற்கமாட்டார். அகம்பாவம் என்று எண்ணவேண்டாம். உங்களோடு வருபவரிடம் ‘இவர் யார்?’ என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல நேரக்கூடாது என்பதற்காகவே இந்த வழக்கம். நீங்கள் முதலில் பேசினால் அவரும் பேசுவார்.

எந்த முறை சிறந்தது என்ற விவாதம் எங்களுக்குள் ஓயாமல் நடக்கிறது. ஆனால் எந்த முறையானாலும் ஆலோசகருக்கும் வருபவருக்கும் இடையிலான இணக்கம் பலனைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு வகிக்கிறது என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979-இல் அந்த இணக்கத்தை மூன்றாகப் பிரித்தார்: எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு, அதற்காக என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையே நம்பிக்கைப் பிணைப்பு. இவை முதல் சில அமர்வுகளிலேயே தெரியத் தொடங்கும். முதல் நாளே மனம் ஒன்றிவிடவேண்டும் என்பதில்லை. ஆனால் தன்னை மதித்துக் கேட்டார் என்ற உணர்வாவது இருக்கவேண்டும். அவர் சொன்ன ஏதோ ஒன்று உறுத்தினால், அடுத்த அமர்வில் அதையே முதலில் சொல்லுங்கள். ‘போன தடவை நீங்கள் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை’ என்று ஒருவர் சொன்னால், அது எங்களுக்கு அவமானமாகாது. பல நேரங்களில் உருப்படியான வேலை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. சொல்லியும் சரிவரவில்லையென்றால் வேறொருவரிடம் போகலாம். யாரிடம் போகலாம் என்று அவரையே கேட்கலாம். பெயர் சொல்லி அனுப்புவது எங்கள் கடமைகளில் ஒன்று.

நிறுத்திவிட முடிவெடுத்தால், தொலைபேசியை எடுக்காமல் ஒதுங்குவதைவிட, ஒரே ஒரு முறை வந்து சொல்லிவிட்டுப் போவது நல்லது. அந்தக் கடைசி அமர்வில் இதுவரை எது உதவியது, எது உதவவில்லை, பழைய நிலை திரும்பினால் எந்த அறிகுறி முதலில் தெரியும், அப்போது என்ன செய்வது என்று பேசி எழுதிக்கொள்ளலாம். வரவே மனமில்லை என்றால் ஒரு குறுஞ்செய்தி போதும். இடையில் நின்றவர், மாதங்கள் பல கடந்திருந்தாலும், மீண்டும் நேரம் கேட்டு அழைக்கலாம். ஏன் வரவில்லை என்று விளக்கம் கேட்டு யாரும் அவரைச் சங்கடப்படுத்தப்போவதில்லை.

இப்படிக்கு,
ஓர் உளவியல் ஆலோசகர்
(பெயரை வெளியிடவேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்)